குழந்தைகள் உள்ள வீட்டிற்கு எந்த நாய்? - ஒரு வரலாற்றுப் பார்வை

வீட்டில் நாய் வளர்க்கலாம் என்ற பேச்சு எழுந்தால் அடுத்து வரும் கேள்வி, "என்ன ஜாதி நாய் வாங்கலாம்?" என்பதுதான். அப்பா அல்சேஷன் என்பார். மகள் பொமரேனியன் என்பாள். மாமா ராஜபாளையம் என்பார். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பாட்டி மட்டும் வேறு ஒன்று கேட்பார்: "பிள்ளையைக் கடிக்காம இருக்குமா?"

பாட்டியின் கேள்விதான் முக்கியமான கேள்வி. ஆனால் அதற்கான பதிலை நாயின் ஜாதிப் பெயரில் தேடும் வழக்கம் மிகவும் பழையது அல்ல. தமிழ்நாட்டில் மக்கள் நாயை எப்படித் தேர்ந்தெடுத்து வந்தார்கள் என்று பார்த்தால் இது விளங்கும்.

செம்பட்டியில் இருந்து கோம்பைக்கு

திண்டுக்கல்லில் இருந்து குமுளி போகும் சாலையில் உள்ள ஊர் செம்பட்டி. இந்தச் சாலையிலேயே வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி தாண்டிப் போனால் உத்தமபாளையம் வரும். அதன் அருகில்தான் கோம்பை இருக்கிறது. 1985-ல் திண்டுக்கல் மாவட்டம் பிரியும் வரை செம்பட்டியும் கோம்பையும் ஒரே மதுரை மாவட்டத்து ஊர்கள். தமிழ்நாட்டின் பெயர் பெற்ற நாய் இனங்களில் ஒன்றான கோம்பை நாய்க்கு அந்த ஊரின் பெயரே வந்தது. செம்மை கலந்த பழுப்பு உடல், கருமையான முகம், யாருக்கும் எளிதில் அடங்காத குணம். காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் பேர் போனது.

இன்னும் தெற்கே போனால் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய மூன்று இனங்கள். ராஜபாளையம் பால் வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு. சிப்பிப்பாறை ஒல்லியான உடலும் நீண்ட கால்களும் கொண்ட ஓட்டக்காரன், முயல் வேட்டைக்கு உகந்தது. கன்னி நாய் பெரும்பாலும் கருப்பாக இருக்கும், கால்களிலும் முகத்திலும் பழுப்பு கலந்திருக்கும். திருமணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீராக இதைக் கொடுத்ததால்தான் கன்னி என்ற பெயர் வந்தது என்று அப்பகுதி மக்கள் சொல்கிறார்கள்.

இந்த நான்கையும் வளர்த்தவர்கள் பாளையக்காரர்களும் ஜமீன்தார்களும் விவசாயிகளும் ஆடு மேய்ப்பவர்களும். அவர்களுக்கு நாயின் வேலைதான் முக்கியம். தோட்டத்துக்குக் காவல், ஆட்டுக் கிடைக்குக் காவல், வேட்டை. எந்த நாய் அந்த வேலையை நன்றாகச் செய்கிறதோ அதன் குட்டியைத்தான் பக்கத்து ஊர்க்காரர் கேட்டு வாங்கிப் போவார். தாயையும் தகப்பனையும் நேரில் பார்த்துவிட்டுக் குட்டி எடுப்பது அப்போது இயல்பாக நடந்தது.

நாயின் வேலைக்கு இங்கே எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7-ம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் நட்ட ஒரு நடுகல் இருக்கிறது. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த ஒரு வீரனுக்கான கல் அது. அதில் அவனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. நாயின் பெயர் இருக்கிறது, செய்த வேலை இருக்கிறது. என்ன ஜாதி என்ற பேச்சே இல்லை.

பதினான்கு ஊசி

அந்தக் காலத்தில் நாயால் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வெறிநாய்க்கடி என்றால் சாவு என்றுதான் அர்த்தம். பிரான்சில் லூயி பாஸ்டர் 1885-ல் முதல் முறையாக ஒரு சிறுவனுக்கு ஊசி போட்டுக் காப்பாற்றினார். இந்தியாவில் 1900-ல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் இதற்கான நிலையம் தொடங்கியது. தெற்கே கடிபட்டவர்கள் அவ்வளவு தூரம் போய்ச் சேர்வதே கஷ்டம். 1907-ல் நீலகிரி குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்த பிறகுதான் இந்தக் குறை தீர்ந்தது.

அதன் பிறகும் பல தலைமுறைகளுக்கு நாய்க்கடி என்றாலே "தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி" என்ற பயம் இருந்தது. ஆட்டு மூளையில் இருந்து தயாரித்த பழைய மருந்து அது. 2000-களின் நடுவில் இந்தியாவில் அது கைவிடப்பட்டு, தோளில் போடும் பாதுகாப்பான மருந்து வந்துவிட்டது. பாட்டி நாயைக் கண்டால் குழந்தையை இழுத்து அணைத்துக்கொள்வதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. வெறிநாய் என்று சந்தேகப்படும் நாய்களிடம் கடிபடுபவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எனவே பாட்டியின் பயம் வீண் பயம் அல்ல.

பெயர்ப் பட்டியல் வந்த கதை

நாயை அதன் தோற்றத்தை வைத்து இனம் இனமாகப் பிரித்து, அளவுகோல் எழுதி, பரிசு கொடுக்கும் வழக்கம் இங்கிலாந்தில் இருந்து வந்தது. 1859-ல் நியூகாசில் நகரில் நடந்த நாய்க் கண்காட்சி இதற்குத் தொடக்கம். 1873-ல் லண்டனில் கென்னல் கிளப் ஏற்பட்டது. நாய்களுக்குப் பரம்பரைப் பதிவேடு போடத் தொடங்கினார்கள்.

ஆனால் இன்று குடும்ப நாய் என்று பெயர் வாங்கிய இனங்கள்கூட வேலைக்காக உருவானவைதான். லேப்ரடாரின் மூதாதைகள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு கடலில் இறங்கி வேலை செய்த நாய்கள். இங்கிலாந்தில் அவற்றைச் சுட்ட பறவையைச் சிதைக்காமல் வாயில் கவ்விக் கொண்டுவரப் பழக்கினார்கள். வாயை மென்மையாக வைப்பதும் மனிதர் சொல் கேட்பதும்தான் அதற்கு வேண்டிய குணங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் லேப்ரடார் எடுபடுவதற்கு இது ஒரு காரணம். கோல்டன் ரிட்ரீவரும் ஸ்காட்லாந்தில் 1868 முதல் இதே வேலைக்கு வளர்க்கப்பட்ட நாய்தான்.

ஜெர்மன் ஷெப்பர்டை 1899-ல் ஒரு தனி இனமாக நிலைநிறுத்தியவர் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி. அது ஆட்டு மந்தை காக்கும் நாய். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி என்ற பெயரே பிடிக்காத பிரிட்டனில் அதற்கு அல்சேஷன் என்று பெயர் சூட்டினார்கள். தமிழ்நாட்டிலும் அந்தப் பெயரே நிலைத்தது. மந்தை காத்த நாய்க்கு ஓடும் எதையும் வளைத்து நிறுத்தும் பழக்கம் ரத்தத்திலேயே இருக்கும். முற்றத்தில் ஓடி விளையாடும் குழந்தைகளையும் அது அப்படித் துரத்தக்கூடும். இது கோபம் அல்ல, அதன் பழைய தொழில். வாங்குபவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சினிமாவும் விளம்பரமும்

சுதந்திரத்துக்குப் பின் நகரத்து வீடுகளில் வெள்ளைப் புசுபுசு நாய்கள் பெருகின. பொமரேனியன் என்று அழைக்கப்பட்டாலும் அவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வகை. 1994-ல் வெளிவந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' என்ற இந்திப் படத்தில் வந்த டஃபி என்ற நாயும் இந்த வகைதான்.

2003-ல் ஹட்ச் தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரம் வந்தது. ஒரு சிறுவன் எங்கே போனாலும் ஒரு பக் நாய் பின்னாலேயே போகும். அதைப் பார்த்த குழந்தைகள் வீடு வீடாக அந்த நாயைக் கேட்டு அடம்பிடித்தார்கள். பக் நாயின் மூக்கு மிகவும் சப்பையானது. மூச்சு விடவே அது சிரமப்படும். நாய்கள் உடல் சூட்டை வாய் வழியாக மூச்சிரைத்துத்தான் தணித்துக்கொள்ளும் என்பதால், சித்திரை வைகாசி வெயிலில் பக் நாய்க்கு உயிராபத்தே வரலாம். திண்டுக்கல் சமவெளியின் வெயிலைத் தாங்க அதற்கு முடியாது. விளம்பரம் இதையெல்லாம் சொல்லவில்லை. சொல்வது அதன் வேலையும் இல்லை.

அமெரிக்காவில் நாய் வரும் சினிமாக்களையும் நாய்ப் பதிவேட்டையும் ஒப்பிட்டு 2014-ல் ஒரு ஆய்வு வெளியானது. படம் வெற்றி பெற்றால் அதில் வந்த இனத்துக்கான மோகம் பத்து ஆண்டுகள் வரைகூட நீடிப்பதாக அது காட்டியது. சந்தைக்கு வரும் மற்றப் பொருட்களைப் போலவே நாயும் விளம்பரத்தால் விலைபோகும் சரக்காகிவிட்டது. ஆனால் மற்றச் சரக்கு பிடிக்கவில்லை என்றால் மூலையில் போட்டுவிடலாம். நாயைப் போட முடியாது. போட்டால் அது தெருவில் நிற்கும்.

நாட்டு நாய்க்கு வந்த மவுசு

1980-களில் தமிழக கால்நடை பராமரிப்புத் துறை சென்னை சைதாப்பேட்டையில் நாட்டு நாய் இனங்களுக்காக ஒரு இனப்பெருக்கப் பிரிவை நடத்தியது. 2005 ஜனவரி 9-ல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ஒன்று ராஜபாளையம். 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அதன் பிறகு நாட்டு நாய் பற்றிய பேச்சு பெருகியது.

இது நல்ல செய்திதான். ஆனால் பழைய தவறே புதிய பெயரில் நடக்கும் அபாயம் இதில் உண்டு. சிப்பிப்பாறை முயலைத் துரத்தி வெட்டவெளியில் ஓடப் பிறந்த நாய். அதை மாடி வீட்டில் இரண்டு முழச் சங்கிலியில் கட்டி வைத்தால் அது மிரளும், எரிச்சல்படும், ஒருநாள் கடிக்கும். ராஜபாளையம் பொதுவாகத் தன் வீட்டாரிடம் உயிராக இருக்கும், அந்நியரை ஏற்காது. பிள்ளைகளின் நண்பர்கள் தினமும் வந்து போகும் வீட்டில் இது சிக்கல். பால் வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குப் பிறவிச் செவிடும் வரும். காது கேட்காத நாயைத் தூக்கத்தில் குழந்தை தொட்டால் அது திடுக்கிட்டுக் கவ்விவிடும். எனவே குட்டி எடுக்கும்போது கைதட்டிப் பார்த்து எடுப்பது நல்லது.

தடை செய்தால் போதுமா?

2024 மார்ச் மாதம் மத்திய அரசு 23 வகை நாய்களை ஆபத்தானவை என்று பட்டியலிட்டு, அவற்றுக்கு உரிமம் தர வேண்டாம் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. பிட்புல், ராட்வீலர் ஆகியவை அதில் இருந்தன. உரியவர்களின் கருத்தைக் கேட்கவில்லை என்று கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்கள் ஏப்ரலில் அதை ரத்து செய்தன. மே 5-ம் தேதி சென்னை நுங்கம்பாக்கம் பகுதிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வீலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. நாடே பதறியது.

இதில் நாயின் இனத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. பெரிய தாடை கடித்தால் காயம் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் குணம் முழுவதையும் இனத்தின் பெயரால் அளந்துவிட முடியாது. 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டியது. நாய்க்கு நாய் உள்ள குண வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தை மட்டுமே இனத்தால் விளக்க முடிந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் ஐந்து இனங்களைப் பல ஆண்டுகள் வளர்த்துப் பார்த்து 1965-ல் நூல் எழுதினார்கள். பிறந்த மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி மனிதர்களோடு பழகுவது அதன் வாழ்நாள் குணத்தைத் தீர்மானிக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள்.

பழைய கிராமத்து முறையில் இது தானாகவே நடந்தது. குட்டி திண்ணையில் பிறந்து பிள்ளைகளின் கையிலேயே வளர்ந்தது. இன்றோ கூண்டில் பிறந்து, தாயிடம் இருந்து சீக்கிரமே பிரிக்கப்பட்டு, அட்டைப் பெட்டியில் பஸ் ஏறி வரும் குட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அப்படியானால் என்ன செய்வது?

முதலில் இந்த இனத்தை மனிதர்கள் எந்த வேலைக்கு வளர்த்தார்கள் என்று கேட்க வேண்டும். அந்த வேலைக்கு வீட்டில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, தாய் நாயை நேரில் பார்க்க வேண்டும். மனிதரைக் கண்டு பதுங்கும் அல்லது பாயும் தாயின் குட்டி குழந்தைகள் உள்ள வீட்டிற்கு வேண்டாம். மூன்றாவது, எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்கக் கூடாது. நான்காவது, செலவுக் கணக்கு. விலை ஒரு முறைதான், ஆனால் தீனியும் தடுப்பூசியும் பத்துப் பன்னிரண்டு வருடம் தொடரும். தெருவில் பிறந்த நாட்டுக் குட்டியும் மேலே சொன்ன சோதனையில் தேறினால் நல்ல துணைதான். வெயிலைத் தாங்குவதில் பக் நாயோ ஹஸ்கியோ அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

எந்த நாயாக இருந்தாலும் ஆறு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையோடு தனியே விடக் கூடாது. தின்னும்போதும் தூங்கும்போதும் குட்டிகளோடு இருக்கும்போதும் நாயைத் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது.

செம்பட்டியைச் சுற்றித் தென்னந்தோப்புக்குள் வீடு கட்டி இருப்பவருக்குக் கோம்பை பொருந்தலாம். திண்டுக்கல் நகரத்தில் மாடி வீட்டில் இருப்பவருக்கு அதே நாய் பொருந்தாது. எனவே நாயின் பெயரை முடிவு செய்வதற்கு முன் பாட்டியையும் கலந்து பேசுவது நல்லது. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு பகல் முழுவதும் அந்த நாயோடு இருக்கப் போகிறவர் அவர்தான்.