கொங்குநாட்டுப் பொதுக்காவடி

தமிழகத்துத் திருவிழாக்கள் எவர் பொருளால் நடைபெற்றன என்று வினவுவார்க்கு, அரசரும் செல்வரும் விடுத்த நிவந்தங்களால் என்று விடையிறுத்தலே பெருவழக்கு. கல்வெட்டுக்களை மட்டும் நோக்குவார்க்கு இஃது இயல்பே. தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு முதலாம் இராசராசனும் (985–1014) அவன் தமக்கை குந்தவையாரும் வைத்த முதற்பொருள் ஊர்ச்சபையாரிடம் ஒப்புவிக்கப்பட்டது. காசொன்றுக்கு ஆண்டொன்றில் அரைக்காற் காசு, அஃதாவது எட்டுக் காசுக்கு ஒரு காசு, பலிசையாக வந்தது. அதனைக்கொண்டு திருவமுதும் விழாச் செலவும் நடந்தன.

இனி, இதனின் வேறாய முறையொன்றும் உண்டு. பலர் சிறுகச் சிறுக ஈந்து, பலரும் பகுத்துக் கொள்வது அது. பாண்டிநாட்டுப் பிரான்மலையில் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று, வணிகக் குழுவினர் உப்பு, அரிசி, மிளகு, பாக்கு முதலிய சரக்குகளின்மேற் பொதிக்கு இவ்வளவென்று தமக்குத் தாமே வரி விதித்துக்கொண்டு கோயிற்கு உதவியதைக் கூறாநிற்கும். பிற்காலத்து விருதுநகர், சிவகாசி வணிகர் மகமையும் இவ்வழியினதே. அது கோயிலோடு நில்லாது கல்விச்சாலைகளையும் வளர்த்தது.

சேலம் நாட்டில் இம்முறைக்கு யாம் தலைசிறந்த சான்றாகக் கொள்வது எடப்பாடிப் பருவதராசகுலத்தார் பழனிக் காவடியாகும். இவர்கள் மீன்பிடித் தொழிலை மரபாகவுடைய குலத்தினர். முடியுடை வேந்தரல்லர், பெருநிலக்கிழாருமல்லர். தைப்பூசத்தின் கூட்டம் தணிந்த பின்னர், பல்லாயிரவர் காவடி தாங்கிக் காவிரியைக் கடந்து கால்நடையாகப் பழனி சேர்கின்றனர். இவ்வழக்கம் முந்நூறு ஆண்டுகட்கு மேற்பட்டதென்பது அவர்தம் மரபுரை.

பழனிமலைமேல் இரவு தங்கும் உரிமை இவர்க்கே உண்டு. ஏனையோர் இராக்காலத் திருக்காப்பிடுமுன் இறங்கிவிடல் வேண்டும். இவ்வுரிமை வந்தவாற்றைப் பற்றிப் பலவாறு கூறுவர். யாம் கருதுவது வேறு. இவர்கள் மலைமேலேயே பஞ்சாமிர்தம் ஆக்குகின்றனர். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலம் ஆகியவற்றைத் தம்முள் திரட்டிய பொருளாற் கொண்டு, பல கைகள் கூடிப் பிசைகின்றனர். பத்து டன்னுக்கு மேற்பட்ட ஆண்டுகளும் உள. இத்துணைப் பெரும்பணி சில நாழிகையில் முடிவதன்று. ஆகவே பணியும் தங்கும் உரிமையும் ஒன்றையொன்று பற்றி வளர்ந்தன எனல் பொருந்தும். உழைப்பாற் பெற்ற உரிமையை வெறும் சலுகை என்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று.

தஞ்சை முதற்பொருளுக்கு நேர்ந்ததை இதனோடு ஒப்பிடுக. சோழர் ஆட்சியும் அவ்வூர்ச் சபைகளும் மறையவே, பலிசை தருவார் இலராயினர். எழுத்து மட்டும் கல்லில் நின்றது. எடப்பாடியார்க்கோ வைப்புப் பொருளென்று ஒன்றில்லை. ஆண்டுதோறும் புதிதாகத் திரட்டுதலே அவர் முதல். தண்டுவாரும் தருவாரும் ஓரூரினர், உறவினர். தாராதவனை நாளும் எதிர்ப்படுவர். நாணம் செய்யும் காவலை அரசாணையும் செய்ததில்லை.

2019-ஆம் ஆண்டிற் பழனிப் பஞ்சாமிர்தத்திற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. அதனில் நீர் ஒரு துளியும் சேர்ப்பதில்லையாதலின் நெடுநாட் கெடாது. வழிநடைக்கு வர இயலாத முதியோர்க்கும் நோயாளர்க்கும் எடப்பாடியில் அது பங்கிடப்படுகின்றது.