உப்புக் குப்பியும் சரித்திரமும்

1918-ஆம் ஆண்டின் இன்ஃபுளுயென்சா ஜுரம் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஜெர்மனியிலும் லட்சக்கணக்கானோர் மாண்டனர். ஆயினும், யுத்தத் தோல்வியும் முடியரசின் வீழ்ச்சியும் அடுத்தடுத்து நேர்ந்த அம்மாதங்களை விவரிக்கும் நூல்களில், அந்த ஜுரத்திற்குக் கிட்டிய இடம் வெகு சொற்பமே.

2020-இல் ஜெர்மனி வேறுவிதமாக நடந்துகொண்டது. ஜனவரி 27-ஆம் தேதி, மூனிக் நகருக்கு அருகிலுள்ள ஸ்டாக்டார்ஃப் என்ற சிற்றூரில், மோட்டார் உதிரிபாகங்கள் செய்யும் வெபாஸ்டோ நிறுவனத்தின் ஊழியர் ஒருவரிடம் கொரோனா கண்டறியப்பட்டது. ஷாங்காயிலிருந்து வந்திருந்த சக ஊழியர் ஒருவரோடு அவர் ஒரே கூட்டத்தில் அமர்ந்திருந்தார். யார் யாரை எங்கே எப்போது சந்தித்தார் என்று பவேரிய அதிகாரிகள் துருவித் துருவி விசாரித்து எழுதிய குறிப்புகளில் 16 நோயாளிகளின் தொடர்பு தெளிவாகிறது. அவர்களுள் இருவருக்கிடையே நிகழ்ந்ததாகத் தெரியவந்த ஒரே தொடர்பு, உணவுக்கூடத்தில் முதுகோடு முதுகாய் அமர்ந்திருக்கையில் ஒருவர் திரும்பி மற்றவரிடம் உப்புக் குப்பியைக் கேட்டு வாங்கியதேயாம்.

ஆனால், பிப்ரவரி 15 அன்று ஹைன்ஸ்பெர்க் மாவட்டத்துக் காங்கெல்ட்டில் நடந்த கார்னிவல் விழாவுக்குப் பின், நோயின் பரவல் விசாரணையின் வேகத்தை மிஞ்சிற்று. மார்ச் 9-இல் நாட்டின் முதல் மரணங்கள் பதிவாயின; 18-இல் சான்ஸலர் மெர்க்கல் தொலைக்காட்சியில் ஜனங்களை நோக்கிப் பேசினார்; 22-இல் பொது இடங்களில் கூடுவதற்குக் கட்டுப்பாடு வந்தது.

நோய் சென்ற வழியை அதிகாரியின் ஏடு காட்டும்; அந்நாட்களில் மனிதர் வாழ்ந்த விதத்தைக் காட்டாது. இதை உணர்ந்த ஹாம்புர்க், போஹும், கீஸன் பல்கலைக்கழகங்களின் சரித்திர ஆசிரியர்கள், மார்ச் 26-ஆம் தேதியே 'கொரோனார்க்கிவ்' என்னும் இணையக் காப்பகத்தைத் திறந்து, நாட்குறிப்பு, புகைப்படம், கடை வாசல் அறிவிப்பு ஆகிய எதையும் அனுப்பலாம் என்று பொதுமக்களை அழைத்தனர். தாமாக முன்வந்து தருவோரையே நம்பிய இம்முயற்சியில், முதியோர் இல்லத்துத் தனியறைகளில் கிடந்தவர்களின் குரலும், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து இறைச்சிக் கூடங்களில் உழைத்தவர்களின் குரலும் குன்றியே ஒலிக்கும் என்பது உண்மை. எனினும், சம்பவம் நிகழும்போதே சேகரிக்கத் துணிந்தது பெருஞ்சேவை என்பதில் ஐயமில்லை.

நம் வீடுகளிலும் அவ்வாண்டின் இ-பாஸ் தாள்களும், ஊர் எல்லையை மூடிய தடுப்புகளின் படங்களும், கைபேசியில் வந்த இரங்கற் செய்திகளும் இன்னும் இருக்கக்கூடும்; அவற்றைத் தேதியும் ஊரும் குறித்துப் பத்திரப்படுத்துவது வாசகர் ஒவ்வொருவரின் கடமையாகும்.