ஹைக்கூ இயங்குதளம்: வன்பொருள் ஆதரவும் பொதி முறையும்

பீ நிறுவனத்தார் இயற்றிய பீஓஎஸ் என்னும் இயங்குதளத்தின் வழிவந்து, 2001-ஆம் ஆண்டு முதல் தன்னார்வலர்களால் கட்டப்பட்டு வரும் சுதந்திர இயங்குதளம் ஹைக்கூ ஆகும். அவ்வாண்டில் பீ நிறுவனம் தன் உடைமைகளைப் பாம் நிறுவனத்துக்கு விற்றுவிட, மூல நிரல் கைக்கு எட்டாத நிலையிலும் மனந்தளராத அன்பர்கள், ஓபன்பீஓஎஸ் என்ற பெயரில் அவ்வியங்குதளத்தைப் புதிதாக எழுதத் துணிந்தனர். இன்றைய பெயர் 2004-இல் சூட்டப்பட்டது. இதன் கெர்னல், பீ நிறுவனத்தின் முன்னாள் பொறியாளர் டிராவிஸ் கைசல்பிரெக்ட் எழுதிய நியூஓஎஸ்ஸிலிருந்து கிளைத்தது.

சம்பளமின்றி உழைக்கும் ஒரு சிறு குழுவினர், சந்தையில் உலவும் எண்ணற்ற சாதனங்கள் ஒவ்வொன்றுக்கும் இயக்கி நிரல் எழுதுதல் அசாத்தியம். ஆகவே, சேமிப்பகத்துக்கான ஏஹெச்சிஐ, என்விஎம்இ, யூஎஸ்பிக்கான எக்ஸ்ஹெச்சிஐ போன்று பல உற்பத்தியாளர்களும் ஏற்றுக்கொண்ட பொது நியமங்கள் உள்ள இடங்களில், ஒரே இயக்கி பலருடைய சாதனங்களுக்கும் பயன்படுகிறது. அத்தகைய பொது நியமம் இல்லாத வலையமைப்புச் சாதனங்களுக்கோ, ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் இயக்கிகள் தம் சொந்தக் கெர்னலிலேயே இருப்பதாகக் கருதி இயங்கும்படி ஓர் இணக்க அடுக்கை அமைத்து, அவற்றை ஏறக்குறைய மாற்றமின்றியே ஏற்றுக்கொண்டனர். பிற்காலத்தில் ஓபன்பிஎஸ்டியின் வைஃபை இயக்கிகள் சிலவும் இவ்வாறே சேர்ந்தன. பிறர் உழைப்பை மரியாதையுடன் பெற்றுத் தம் சக்தியைக் காத்துக்கொண்ட இவ்விவேகம் மிகவும் போற்றத்தக்கது. திரை அட்டைக்குத் தனி இயக்கி கிட்டாவிடினும், வெசா என்னும் பொது நியம முறையிலாவது படம் தோன்றும்.

பழைய பீஓஎஸ் மென்பொருள்களும் ஓடவேண்டும் என்ற சங்கற்பத்தால், 32 பிட் பதிப்பில் ஜிசிசி 2.95 என்னும் பழைய தொகுப்பியும் நவீன தொகுப்பியும் அருகருகே நிலவுகின்றன. எனவே நூலகங்கள் பலவற்றை இருவகையிலும் தொகுத்துப் பொதியாக்க நேர்கிறது. 64 பிட் பதிப்புக்கு இச்சுமை இல்லை. பழைய நிரல்களை நேரே இயக்கும் அனுகூலமும் அதற்கு இல்லை.

பொதி முறையே ஹைக்கூவின் தனிச்சிறப்பு. 2013-இல் சேர்க்கப்பட்ட இம்முறையில், ஹெச்பிகேஜி என்னும் பொதி, வட்டில் பிரித்துப் பரப்பப்படுவதில்லை. பேக்கேஜ்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை, பொதி பொதியாகவே இருக்க, அதன் உள்ளடக்கத்தைப் படிக்க மட்டும் இயலும் கோப்புகளாகக் காட்டுகிறது. ஆகவே, ஒரு மென்பொருளை நீக்க அதன் பொதியை அகற்றினாலே போதும்; புதுப்பித்தலால் கேடு விளைந்தால், கணினியைத் துவக்கும்போதே முந்தைய நிலையைத் தேர்ந்தெடுத்து மீளலாம். பொதிகளுக்கிடையிலான சார்புகளைத் தீர்க்க, ஓபன்சூசேயில் உருவான லிப்சால்வ் நூலகம் பயன்படுகிறது. வெளியுலக மென்பொருள்களைப் பொதியாக்கும் விதிகளை ஹைக்கூபோர்ட்ஸ் என்னும் தனிக்குழு எழுதிப் பேணுகிறது. பெயர் வெளித்தெரியாத இவ்வுழைப்பின்றி, இயங்குதளம் எத்துணை அழகாயினும் அதில் செய்வதற்கு வேலை இராது.

2012-இல் நான்காம் ஆல்ஃபா வெளிவந்தபின், முதற் பீட்டாவுக்கு 2018 செப்டம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. அத்தாமதத்துக்குப் பொதி முறைக்கு மாறிய இப்பெருமாற்றமும் ஒரு காரணம் எனினும், அதனைச் சகித்தது சரியான தீர்மானமே. 2024 செப்டம்பரில் வெளிவந்த ஐந்தாம் பீட்டாவும், 32 பிட், 64 பிட் ஆகிய இரு வடிவங்களிலும், இதே பொதி முறையின்மீதே நிற்கிறது.