டெட்ரோயிற் ட்ராம் வண்டிகளும் மூன்று சதப் போராட்டமும்

அமெரிக்காவின் மத்திய மேற்கிலுள்ள டெட்ரோயிற் நகரின் பெயரைக் கேட்டதும் மோட்டார்த் தொழிற்சாலைகளே நம் நினைவுக்கு வருகின்றன. அந்நகரத் தெருவில் முதல் மோட்டார் வண்டி 1896 இல் ஓடியது. அதற்கு முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்பே அங்கு ட்ராம் வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. மக்களின் தெருவில் தண்டவாளம் போட்டு இலாபம் ஈட்டும் உரிமை யாருக்கு உண்டு? கட்டணத்தை நிர்ணயிப்பவர் யார்? இக்கேள்விகளுக்காக ஒரு நகரம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்திய போராட்டமே அவ்வண்டிகளின் வரலாறு.

1863 ஆகஸ்ட் மாதம் ஜெபர்சன் வீதியில் முதல் வண்டி புறப்பட்டது. அதை இழுத்தவை குதிரைகள். சேறும் குழியுமான தெருவில் இழுப்பதைவிட இரும்புத் தண்டவாளத்தில் அதிக பாரத்தைக் குதிரையால் இழுக்க முடிந்தது. ஆயினும் குதிரை விரைவில் களைத்துவிடும்; ஒரு வண்டியை நாள் முழுதும் ஓட்டப் பல குதிரைகள் வேண்டும். 1872 இல் வட அமெரிக்கா எங்கும் குதிரைக் காய்ச்சல் பரவியபோது நகரங்களின் போக்குவரத்தே முடங்கியது. இத்தனை இடர்களுக்கிடையிலும் கொம்பனியின் நலன் காக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டிருந்த தெரு உரிமையை, அது முடிவதற்கு வெகுகாலம் முன்னரே, 1879 இல் நகரசபை 1909 வரை நீட்டிக் கொடுத்தது. இன்னும் பிறவாத தலைமுறையின் தெருவையும் சேர்த்தே அச்சபை கொம்பனிக்கு எழுதிக் கொடுத்தது எனலாம்.

1891 ஏப்ரிலில் ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சங்கத்தின் முன்னணியில் நின்றோரைக் கொம்பனி வேலைநீக்கம் செய்ததே அதன் காரணம். ஏனைய தொழிற்சாலைகளின் தொழிலாளரும் நகர மக்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டனர், தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. படையை வரவழைக்கும்படி கொம்பனி கோரியது. மேயர் ஹேஸன் பிங்கிரி மறுத்துவிட்டார். மத்தியஸ்தமே வழி என்றார். கொம்பனி இணங்க நேர்ந்தது. பிங்கிரி தாமே ஒரு சப்பாத்துத் தொழிற்சாலை முதலாளி என்பதை நாம் இங்கே கவனிக்க வேண்டும். தெருவில் திரண்ட மக்களே அவரை வேறு திசையில் சிந்திக்க வைத்தனர்.

அதன்பின் அவர் பிடித்துக்கொண்ட கோரிக்கை மூன்று சதக் கட்டணம். ஐந்து சதத்துக்கும் மூன்று சதத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு அற்பமெனத் தோன்றலாம். நாளொன்றுக்கு ஒன்றரை டொலர் உழைக்கும் கூலியாள் வேலைக்குப் போகவரப் பத்துச் சதம் கொடுத்தான் என்பதை நினைத்தால் அதன் கனம் விளங்கும். 1893 இல் பெருமந்தம் வந்து ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்திருந்த காலம் அது. அவர்கள் பயிரிட்டு உண்ணும்பொருட்டு வெறும் நிலங்களைப் பெற்றுக் கொடுத்தவரும் இதே பிங்கிரிதான். 1895 இல் அவர் போட்டிக் கொம்பனி ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் மின்சார வண்டிகளில் இருபத்தைந்து சதத்துக்கு எட்டுச் சீட்டுகள் கிடைத்தன.

அப்போது பழைய கொம்பனியின் பக்கம் நின்று மேயரை எதிர்த்தவர் டொம் ஜோன்சன். விந்தை என்னவெனில், 1901 இல் கிளீவ்லாந்து நகரின் மேயரானபின் அவரும் அதே மூன்று சதக் கட்டணத்துக்காகப் போராடினார். டெட்ரோயிற்றிலோ போட்டி நெடுங்காலம் நிலைக்கவில்லை. கொம்பனிகள் ஒன்றையொன்று விழுங்கி, 1900 முடிவில் ஒரே கொம்பனியாகின. முதலாளிகளிடையே நிகழும் போட்டி ஏழைக்கு நிலையான காவலாகாது என்பதை டெட்ரோயிற் மக்கள் தம் அனுபவத்தில் கண்டனர்.

எஞ்சிய வழி, ட்ராமை நகரமே உடைமையாக்குவது. 1899 இல் அதற்கென இயற்றப்பட்ட சட்டத்தை மிச்சிகன் உயர்மன்றம் அரசியலமைப்புக்கு மாறானதெனத் தள்ளியது. 1901 இல் பிங்கிரி மறைந்தார், கோரிக்கை மறையவில்லை. ஹென்றி போர்டின் கூட்டாளியாயிருந்து பெருஞ்செல்வம் ஈட்டிய ஜேம்ஸ் கசன்ஸ் 1919 இல் மேயரானார். 1920 இல் மக்கள் வாக்களித்து நூற்றைம்பது இலட்சம் டொலர் கடன்பத்திரங்களுக்கு ஒப்புதல் தந்தனர். நகரம் சொந்தமாகப் பாதை போட்டு வண்டி ஓட்டியது. 1922 மே மாதம் கொம்பனியின் நகரப் பாதைகள் அனைத்தும் நகரின் உடைமையாயின. அமெரிக்கப் பெருநகரங்களில் இதனை முழுமையாகச் சாதித்தவற்றுள் டெட்ரோயிற்றும் ஒன்று.

ஆனால் வெற்றியோடு கதை முடிந்துவிடவில்லை. மோட்டார்த் தொழில் தலைநகரின் தெருக்கள் கார்களால் நிறைந்தன. நகரமே தன் ட்ராம் பாதைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் பஸ் விட்டது. 1956 ஏப்ரில் 8 ஆம் திகதி வூட்வேட் வீதியில் கடைசி வண்டி ஓடியது. நல்ல நிலையிலிருந்த வண்டிகள் மெக்சிக்கோ நகருக்கு விற்கப்பட்டன. 2017 இல் அதே வீதியில் 3.3 மைல் நீளப் புதிய ட்ராம் பாதை திறக்கப்பட்டது. அதற்கான பணத்தில் பெரும்பங்கு தனியார் நிறுவனங்களிடமும் அறக்கட்டளைகளிடமுமிருந்து வந்தது. ஒரு காலத்தில் வாக்களித்து வண்டிகளையே வாங்கிய நகரம் அது!

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது இதுதான். உடைமைப் பத்திரம் மக்கள் பெயருக்கு மாறுவது பெரும் வெற்றி. அதை அற்பமாகக் கருதலாகாது. ஆனால் எந்த வண்டி ஓட வேண்டும், யாருக்காக ஓட வேண்டும், எது கைவிடப்பட வேண்டும் என்ற தீர்மானங்களையும் மக்கள் தம் கையில் வைத்திருத்தல் வேண்டும். 1891 இல் தெருவில் நின்ற அந்த விழிப்பு ஓய்ந்துபோகுமாயின், பெற்ற உடைமையும் ஓசையின்றிக் கைநழுவிப் போகும்.