தோல் நோயும் இதயத் துடிப்பும்: புக்கிட் பெலண்டோக் தரும் அளவுகோல்

சொரியாசிஸ் தோலோடு நின்றுவிடும் நோயன்று என்பதை மருத்துவ உலகம் இன்று ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் அது இதயத்தைத் தாக்குகிறது என்பதும் தன்னியக்க நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது என்பதும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. இரண்டுக்கும் உள்ள சான்றுகளின் வலிமை ஒன்றல்ல. முன்னதற்கு வலுவான சான்றுகள் உண்டு. பின்னது தொடர்பு என்ற அளவைத் தாண்டவில்லை. இவ்வேறுபாட்டை மறந்தால், நீரிழிவு மிகுந்த மலேசியத் தமிழரிடையே நோயறிதலே பிழைபடும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதயத்திலிருந்து தொடங்கலாம். பிரிட்டனின் பொது மருத்துவர் பதிவேடுகளை ஆராய்ந்து ஜோயல் கெல்ஃபாண்ட் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கடும் சொரியாசிஸ் உள்ள 30 வயதினருக்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகவும், 60 வயதினருக்கு 1.36 மடங்காகவும் இருந்தது. புகைத்தல், உடற்பருமன், நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் இவ்வேறுபாடு நீடித்தது. இதற்கு மறுப்புகள் உண்டு. நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வு, பெரும்பாலும் இலேசான சொரியாசிஸ் உள்ளோரிடம் இத்தகைய கூடுதல் ஆபத்தைக் காணவில்லை. அடாலிமுமாப் மருந்து தோலைத் தெளிவாக்கியும், இரத்தக்குழாய் அழற்சியைக் குறைத்ததாக ஒரு சோதனையில் தெரியவில்லை. ஆனால் முதல் மறுப்பு, நோய் கடுமையானால் ஆபத்தும் கூடும் என்ற முறைமைக்கே ஒத்துப்போகிறது. இரண்டாவது ஒரு மருந்தின் வரம்பைக் காட்டுகிறதே தவிர அழற்சியின் பங்கை மறுப்பதில்லை. கொழுப்பைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் தணித்த கனகினுமாப் மருந்து, முன்பே மாரடைப்பு கண்டவர்களிடம் மறு நிகழ்வுகளைக் குறைத்ததை 2017இல் வெளிவந்த சோதனை காட்டியது.

நரம்பு மண்டலம் குறித்த சான்று இத்தகையதன்று. சொரியாசிஸ் உள்ளோரிடம் இதயத் துடிப்பின் இயல்பான ஏற்ற இறக்கம் குறைவு என்றும், எதிர்ப்பரிவு நரம்பின் பிடி தளர்ந்துள்ளது என்றும் பல சிறு ஆய்வுகள் சொல்கின்றன. எதிர்ப்பரிவு மண்டலத்தைச் சேர்ந்த வேகஸ் நரம்பு அழற்சியைக் கட்டுப்படுத்தும் வழியை ஆய்வாளர் கெவின் டிரேசி 2002இல் விளக்கியதால் இது நம்பத்தக்கதாகவும் தோன்றுகிறது. நரம்பு அறுபட்ட இடத்தில் சொரியாசிஸ் படை மறைந்த நேர்வுகளும் பதிவாகியுள்ளன. ஆனால் இவை நரம்பு தோலை ஆள்வதைக் காட்டுகின்றன. தோல் நோய் நரம்பைக் குலைப்பதை அல்ல.

குலைவை நிறுவ எத்தகைய சான்று வேண்டும் என்பதற்கு நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலண்டோக் வட்டாரமே எடுத்துக்காட்டு. 1998-99இல் பன்றிப் பண்ணைகள் நிறைந்த இவ்வட்டாரத்தில் பரவிய மூளையழற்சி முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. பின்னர்தான் நிப்பா வைரஸ் இனங்காணப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 94 நோயாளிகளை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட கட்டுரை, மிகை இரத்த அழுத்தத்தையும் விரைவான இதயத் துடிப்பையும் மூளைத்தண்டின் பாதிப்போடு இணைத்தது. உடற்கூறாய்விலும் நரம்பணுக்களில் வைரஸ் காணப்பட்டது. ஆக, காரணி, சேதமடைந்த இடம், இதயக் குறி ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியாக அமைந்தன. கடும் தொற்றை நாட்பட்ட நோயோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். இங்கே ஒப்பிடப்படுவது நோயின் கடுமையன்று, சான்றின் வகை. சொரியாசிசில் அச்சங்கிலியின் நடுக்கண்ணி இன்னும் கிடைக்கவில்லை.

அந்த இடைவெளியில் நீரிழிவு எளிதில் ஒளிந்துகொள்ளும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது. நீரிழிவே இதயத்தின் தன்னியக்க நரம்புகளைச் சிதைக்கும். ஆகவே தோட்டப்புறத்திலிருந்து கிளினிக்குக்கு வரும் சொரியாசிஸ் நோயாளியின் துடிப்புக் கோளாற்றைத் தோல் நோயின் கணக்கில் எழுதுமுன் சர்க்கரையை அளக்க வேண்டும். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். காரணம் எதுவானால் என்ன, சிகிச்சை ஒன்றுதானே என்பது பொருந்தாது. விரைவான துடிப்பை அடக்கத் தரப்படும் பீட்டா தடுப்பு மருந்துகள் சிலருக்குச் சொரியாசிசை முற்றச் செய்வதுண்டு. சர்க்கரைத் தாழ்வின் எச்சரிக்கைக் குறிகளையும் அவை மறைக்கக்கூடும். கடும் சொரியாசிசை இதய ஆபத்தின் அறிகுறியாக இன்றே ஏற்கலாம். நரம்புக் குலைவின் காரணமாக ஏற்பதற்கோ, நீரிழிவு இல்லாதவர்களை நெடுங்காலம் தொடர்ந்து கண்காணிக்கும் ஆய்வுகள் வேண்டும்.