குளோர்டெகோன்: தோட்டத்து நஞ்சும் கடலின் சிங்கி இறாலும்

கரீபியத் தீவுகளான மார்த்தினிக், குவாதலூப் இரண்டும் இன்றும் பிரான்சின் ஆட்சிப் பகுதிகள். அவற்றின் கரையோரக் கடலில் சில இடங்களில் சிங்கி இறால் பிடிப்பதற்குத் தடை உண்டு. கடல்வளம் குன்றியதால் வந்த தடையன்று இது. அவ்விறாலின் உடலில் குளோர்டெகோன் என்னும் பூச்சிக்கொல்லியின் எச்சம் படிந்திருக்கிறது. கடலுணவில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் வரையே அது அனுமதிக்கப்படுகிறது.

வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டைக் கொல்ல, 1972 முதல் 1993 வரை இத்தீவுகளின் தோட்டங்களில் இந்நஞ்சு இடப்பட்டது. தொழிலாளர்கள் அதைத் தூளாக மரத்தடியில் தூவினர். அது எளிதில் சிதைவதில்லை. எரிமலை மண்ணை இறுகப் பற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு மழையிலும் சிறிது சிறிதாக வெளியேறி, வண்டலோடு ஆற்றில் இறங்கி, கழிமுகத்தையும் விரிகுடாவையும் அடைகிறது. ஆழ்கடலில் ஓடும் மீனைவிடக் கரையோரச் சேற்றை ஒட்டி வாழும் நண்டும் இறாலுமே அதை மிகுதியாக உட்கொள்கின்றன. எனவே பெரிய படகு வைத்திருப்பவர் தொலைவுக்குப் போய்த் தப்பித்துக்கொள்ளலாம். சிறு படகில் கரையருகே கூடு போட்டுப் பிழைப்பவருக்கு அந்த வழியில்லை. 2012ஆம் ஆண்டின் இறுதியில் மார்த்தினிக் மீனவர்கள் இழப்பீடு கேட்டுத் துறைமுகத்தை மறித்தது இதனால்தான்.

நஞ்சின் தன்மை யாருக்கும் தெரியாமல் இருந்ததா? அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹோப்வெல் நகரில் இதே வேதிப்பொருள் கெப்போன் என்ற பெயரில் தயாரிக்கப்பட்டது. தொழிலாளர்களுக்குக் கைகால் நடுக்கம் கண்டதால் 1975இல் அந்த ஆலை மூடப்பட்டது. கழிவு கலந்த ஜேம்ஸ் ஆற்றில் அதே ஆண்டு மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு அல்லைடு கெமிக்கல் நிறுவனத்துக்கு நீதிமன்றம் 1.32 கோடி டாலர் அபராதம் விதித்தது. 1979இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் இதனைச் சேர்த்தது. இவ்வளவுக்கும் பிறகு 1981இல் பிரான்சு இதற்கு மீண்டும் அனுமதி அளித்தது. 1990இல் அந்த அனுமதி விலக்கப்பட்டது. ஆனால் தீவுத் தோட்டங்களுக்கு மட்டும் மேலும் மூன்றாண்டுக்குச் சலுகை கிடைத்தது.

தொழிலாளர்கள் அதற்கு முன்பே சொல்லிவிட்டனர். 1974 பிப்ரவரியில் மார்த்தினிக் வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு நச்சுப் பொருள்களை நிறுத்த வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. பாஸ்-புவாந்த் பகுதியின் சல்வேயில் ஆயுதப் போலீசார் சுட்டதில் ரெனோர் இல்மானி என்னும் தொழிலாளி உயிரிழந்தார். 1848இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது இழப்பீடு பெற்றவர்கள் அடிமைகளல்லர், உடைமையாளர்களே. அவ்வுடைமையாளர்களின் வழிவந்த, பெக்கே எனப்படும் வெள்ளையர் கையில்தான் பெருந்தோட்டங்கள் நீடித்தன. விடுதலையடைந்தோருக்கு மாற்றாக 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் தமிழர் பலர்; ஒடுக்கப்பட்ட சாதியினரும் பலர். பாஸ்-புவாந்த் அவர்களின் சந்ததியினர் செறிந்து வாழும் ஊர். ஆகவே இது நமக்குத் தொலைவிலுள்ள கதையன்று.

2013–14இல் நடந்த ஆய்வில், இரு தீவுகளின் வயதுவந்தோரில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவர்களின் குருதியில் குளோர்டெகோன் காணப்பட்டது. 2021 டிசம்பரில், பூச்சிக்கொல்லியைக் கையாண்ட தொழிலாளர்களின் விந்துப்பை அருகுச் சுரப்பிப் புற்றுநோய் தொழில்சார் நோயாக ஏற்கப்பட்டது. மீன் பிடித்தவருக்கும் உண்டவருக்கும் அந்த ஏற்பு பொருந்தாது.

வழக்கறிஞர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது குற்றவியல் வழக்கின் முடிவை. 2006இல் தொடுக்கப்பட்ட புகாரை 2023 ஜனவரியில் பாரிஸ் விசாரணை நீதிபதிகள் முடித்துவைத்தனர். இது ஒரு சுகாதாரக் கேடு என்பதை அவர்களே ஒப்புக்கொண்டனர். ஆயினும் செயல்கள் நடந்து நெடுங்காலம் ஆகிவிட்டதால் மெய்ப்பிப்பது கடினம் என்றனர். நஞ்சு மண்ணில் தலைமுறை தலைமுறையாக நிற்கும். அதை விற்றவரின் பொறுப்பு மட்டும் சில ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். 2025 மார்ச்சில் நிர்வாக மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் தவறை உறுதிசெய்து, நோய் அச்சத்துக்கு இழப்பீடு வழங்க ஆணையிட்டது. விண்ணப்பித்தோரில் மிகச் சிலருக்கே அது கிடைத்தது.

நம் நாட்டுச் சட்டத்திலும் இதே பொறி உண்டு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010இன் 15ஆம் பிரிவின்படி, இழப்பீட்டுக்கான காரணம் 'முதலில் எழுந்த' நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்; தக்க காரணம் காட்டினால் கூடுதலாக 60 நாள் கிடைக்கும். காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் 2000 வரை எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்கும்படி 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது ரிட் மனுவின் வழியே. அவ்வழியில் இந்த ஐந்தாண்டு வரம்பு இல்லை. கழிமுகத்து நண்டிலும் மட்டியிலும் எச்சம் கண்ட ஆய்வறிக்கை கையில் கிடைத்தால், நஞ்சு கொட்டிய நாளையா, அது உணவில் இருப்பது ஊருக்குத் தெரியவந்த நாளையா காரணம் எழுந்த நாளாகக் காட்டுவது என்பதை மனு எழுதும் முன்பே முடிவுசெய்ய வேண்டும்.