காப்பா, கைவிலங்கா?

பெண்ணைக் காக்கவே என்று கூறித்தான் கைவிலங்குகள் பல பூட்டப்பட்டன! அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1945-இல் ஒரு சட்டம் செய்தது. 50,000 மக்களும் அதற்கு மேலும் வாழும் நகர்களில், ஆண் உரிமையாளனின் மனைவியோ மகளோ அன்றி வேறு பெண் மதுக்கடையில் மது ஊற்றித் தரலாகாது. கோப்பையை மேசைக்கு ஏந்திச் செல்லத் தடையில்லை! ஏந்தினால் கெடாத ஒழுக்கம் ஊற்றினால் கெடுமோ?

கடையின் உரிமையாளரான வாலன்டைன் கோசர்ட் அம்மையார் தம் கடையிலேயே மது ஊற்ற உரிமை இழந்தார், மகளும் இழந்தாள். வழக்குத் தொடுத்தனர். 1948-இல் உச்ச நீதிமன்றம், சட்டம் செல்லும் என்றது. உரிமையாளன் கடையில் இல்லாதபோதும் அவன் மகள் ஊற்றலாமே, இதில் காப்பு எங்கே எனக் கேட்டனர், மாறுபட்ட நீதிபதிகள் மூவர்.

சட்டத்தை வேண்டி நின்றவை, மது ஊற்றும் ஆண்களின் சங்கங்கள்! 1976-இல் அதே நீதிமன்றம் அத்தீர்ப்பை ஏற்கத்தகாததென ஒதுக்கியது.

கூலிப் போட்டிக்கு அஞ்சி அடைத்த கதவுக்கு ஒழுக்கம் எனப் பெயரிட்டனர். எண்ணிப்பாரீர், தோழர்களே!